அர்ச்சுனன் செட்டில் மைக் கூவிய ஞாயிற்றுக்கிழமை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ஒரு கோயில் அன்னதானப் பந்தல். நான் சோற்றுக்காகப் போயிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் யாராவது "எழுத்தாளர் களஆய்வு செய்திருக்கிறார்" என்று பாராட்டுவார்கள், எனக்கும் மறுக்க மனம் வராது.

எங்கள் கல்லூரித் தமிழ்க் கழக ஆண்டு மலருக்கு "தோட்டப் பின்னணியில், கண்ணியமான ஒரு சிறுகதை" கேட்டிருந்தார்கள். போன ஆண்டு நான் கொடுத்தது, விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் அவித்த முட்டைக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கிய விழாவின் செய்தியறிக்கை. அதிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் "கண்ணியமான" என்ற சொல்லுக்குக் கீழே கோடு இருக்கிறது.

கண்ணியமாகத்தான் ஆரம்பித்தேன்.

பால்மரங்கள் கண்ணீர் வடித்த அந்தத் தோட்டத்தில் ஒரு

[நிறுத்தினேன். மலேசியாவில், லிங்கிக்கு உள்ளே இருக்கும் அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். செம்பனை அழாது. குத்தும்.]

அதிகாலைப் பனியினூடே மாரியம்மன் கோயில் மணியோசை தவழ்ந்து வந்து

[நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பனியைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை.]

ஊஊஊஊஊஊ

[இது உண்மை. ஆனால் மலர்க்குழு இதை அச்சுப்பிழை என்று நினைத்து எடுத்துவிடும்.]

ஆகவே நேராகச் சொல்கிறேன். திலகா என்று ஒரு பெண். அவளுக்கு ஓர் ஆசை. அர்ச்சுனன் என்று அவள் அப்பா. அவருக்கு ஒரு பெயர். அந்த ஆசை நடந்தால் இந்தப் பெயர் கெடும். கதை இவ்வளவுதான். மீதிப் பக்கங்கள் மலருக்கு விளம்பரம் போதவில்லை என்பதால்.

2

திலகா, என் தமிழ்ப்பள்ளியில் எனக்குச் சில வகுப்பு மூத்தவள். (நேரில் அக்கா. கதையில் அவள். இலக்கியத்துக்கு இந்தச் சலுகை உண்டு.) பகலில் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் மின்பலகைகளைச் சோதிக்கிறாள். மாலையில், ஒலிபெருக்கி செட்டு வாடகைக்குப் போடும் அப்பாவின் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இசை அமைக்கிறாள்.

இசை என்று எழுதியதும் உங்களுக்கு வீணை, கீபோர்டு, குறைந்தபட்சம் ஒரு கஞ்சிரா தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான். முதல் தடவை அந்த அறைக்குள் போனபோது வாத்தியத்தைத் தேடினேன். மேசைமேல் இருந்தது, அப்பா ஒதுக்கிவிட்ட மைக் சத்தங்களைக் கலக்கும் ஒரு பழைய மிக்ஸர் மட்டும். வரிசை வரிசையாகத் திருகும் குமிழ்கள். அதிலிருந்து வெளியே வந்த ஒயர், ஒரு சுற்றுச் சுற்றி, அதன் உள்ளேயே போய்ச் சொருகியிருந்தது.

"இதுல எது பாடுது?" என்றேன்.

"இதுவேதான்."

"உள்ள என்னா போவுது?"

"ஒன்னும் போவல லா. இதோட வாய எடுத்து இதோட காதுலயே வெச்சிருக்கேன். அது பேசறத அதுவே கேக்குது. கேட்டத மறுபடி பேசுது."

"எங்க மாமா மாதிரி."

"உங்க மாமாவுக்கு வால்யூம் கிடையாது," என்று ஒரு குமிழைத் திருகினாள்.

முதலில் ஒரு முனகல். பிறகு அது மெலிந்து விசிலாகி, விசில் இரண்டாகப் பிரிந்து, இரண்டும் ஒன்றையொன்று உரசித் துடிக்க ஆரம்பித்தன. அவள் இன்னொரு குமிழை மயிரிழை அளவுக்கு நகர்த்தினாள். உடனே எல்லாம் மாறி, மழைக்கு முன்னால் தவளைகள் கூட்டம் போட்டதுபோல் ஆனது. அவள் அதை ஓட்டவில்லை. அது போகிற போக்கில் கூடவே போய், அவ்வப்போது தோளில் தட்டினாள். நான் கிண்டல் பண்ணத்தான் வாயைத் திறந்தேன். கேட்டுக்கொண்டிருந்ததில் மூட மறந்துவிட்டேன்.

[இந்த வாக்கியம் கண்ணியமாக வந்துவிட்டது. இருக்கட்டும். மலருக்கு ஒன்றாவது வேண்டும்.]

இவற்றை அவள் இணையத்தில் ஏற்றுகிறாள். ஃபின்லாந்தில் ஒருவர் "ஈரமான இருட்டு" என்று பாராட்டியிருந்தார். எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் கிடைத்த ஒரே எதிர்வினை, பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் பார்க்க ஆள் வரவழைத்தது.

"ஒனக்கு என்னாதான் வேணும்க்கா?" என்று ஒருநாள் கேட்டேன். கதாபாத்திரத்திடம் இதைக் கேட்க வேண்டும் என்று எங்கள் படைப்பிலக்கிய வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

"வெட்டவெளியில, பெரிய குழாய் ஸ்பீக்கர்ல, ஆளுங்க நிக்கறப்போ ஒரு தடவ வாசிக்கணும்." கொஞ்சம் யோசித்தாள். "எங்கப்பா முழுசா கேக்கணும்."

"தெனம் இங்கதானே இருக்காரு."

"கேக்கறாரா? அந்தப் பக்கம் போவறப்பலாம் 'கெய்ன கொற, கெய்ன கொற'ன்னு கத்திட்டுப் போறாரு. நான் தப்பு தப்பா செட்டு போட்டுப் பழகறேன்னு நெனைக்கிறாரு லா."

3

இப்போது அப்பா.

லிங்கி முதல் பகாவ் வரை தோட்டத்துக் கோயில்களில் ஒரு பேச்சு உண்டு: அர்ச்சுனன் செட்டு என்றால் மைக் கூவாது. மைக்குக்குப் போகும் சத்தம் ஸ்பீக்கரில் வந்து, அந்தச் சத்தம் மறுபடி மைக்குக்குள்ளேயே நுழைந்தால், 'ஊ' என்று ஒரு கூவல் கிளம்பும் அல்லவா? கல்யாண மண்டபத்தில் எல்லாரும் காதைப் பொத்துவார்கள், தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை திடுக்கிடுவார். அர்ச்சுனன் வாழ்நாள் முழுக்க அதைத்தான் கொன்றுகொண்டிருக்கிறார். கூவல் வரப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அது வாயைத் திறப்பதற்குள் அவர் விரல், மைக் வாங்கும் சத்தத்தைக் குறைக்கும் 'கெய்ன்' குமிழில் இறங்கிவிடும்.

அதாவது, அவர் கொல்வது எதுவோ அதைத்தான் மகள் வளர்க்கிறாள். ஒரே வீட்டில். ஒரே மின்சார பில்லில்.

[இதைப் படித்துவிட்டு "குறியீடு" என்று யாரும் ஓரத்தில் எழுத வேண்டாம். இது அந்த வீட்டின் நிலவரம்.]

இந்த ஆண்டு சிரம்பானிலிருந்து ஒரு புதிய கம்பெனி, அசையும் விளக்கும் புகையும் சேர்த்துத் தருவதாகக் கோயில் நிர்வாகத்திடம் வந்து பேசியிருந்தது. தலைவர் இராஜமாணிக்கம் ஒத்துக்கொள்ளவில்லை. முன்பு லாரி வைத்திருந்தவர், இப்போது ஓய்வு. "புகை எதுக்கு லா? சாம்பிராணி போடறோம்ல," என்று கூட்டத்தில் சொல்லி அர்ச்சுனனைக் காப்பாற்றினார். ஆனால் கூடவே, "இந்த வருஷம் பாப்போம்" என்றும் ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. அந்த வார்த்தை அர்ச்சுனன் காதுக்கும் போய்விட்டது. நாற்பது ஊரில் பெயர் வாங்கினாலும் இது அவர் பிறந்த தோட்டம். இங்கே மைக் கூவினால் மற்ற இடங்களில் கூவாததற்கு அர்த்தமே இல்லை.

இந்த இடத்தில் ஒரு சிக்கல். இதுவரை எழுதியதைத் திலகாவுக்கு அனுப்பினேன். அவள் அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டாள். அவர் பெயரை மாற்றச் சொல்லியிருந்தார். நியாயம்தானே என்று எல்லா இடத்திலும் "தருமன் சவுண்ட்" என்று மாற்றி மறுபடி அனுப்பினேன். இரண்டே நாளில் அவரே கூப்பிட்டார்.

"தம்பி, யாருய்யா இந்தத் தருமன்?"

"நீங்கதான் அங்கிள்."

"நானா? அவன் எப்படி கூவாம வெப்பான்? ஒயரு சுத்தத் தெரியுமா அவனுக்கு? என் வேலைய செஞ்சிட்டு அவன் பேரு வாங்குவானா? மாத்து லா."

மாற்றிவிட்டேன். இப்படித்தான் இந்தக் கதை முழுவதும் நடந்தது. நான் எழுதுவது அவர்கள் காதுக்குப் போகிறது, அவர்கள் சொல்வது என் எழுத்துக்குள் வருகிறது, மறுபடி போகிறது. எங்கேயோ ஒரு குமிழைத் திருக வேண்டும். எது என்று தெரியவில்லை.

4

திருவிழா.

அந்தத் தோட்டத்தில் இப்போது நம் ஆட்கள் யாரும் குடியில்லை. சிரம்பான், செண்டாயான், போர்ட்டிக்சன் என்று போய்விட்டார்கள். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் செம்பனைகளுக்கு நடுவே கார்கள் வரிசை கட்டும். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். எல்லாரும் ஏதோ ஒரு வருடம் நிர்வாகத்தில் இருந்தவர்கள். இது பிறகு முக்கியமாகும்.

அதைவிட முக்கியம் கோயிலின் சட்டம்: மைக்கில் சொன்னது சொன்னதுதான். ஒரு காலத்தில் முதல் தேங்காய் யார் உடைப்பது என்று அறிவித்துவிட்டு, பிறகு இல்லை என்று மாற்றியதில் இரண்டு குடும்பங்கள் பல ஆண்டு பேசவில்லையாம். அன்றிலிருந்து தீர்மானம் போட்டு வைத்திருக்கிறார்கள். மைக்கில் அறிவித்ததை வாபஸ் வாங்க முடியாது, மைக்கில் கேட்ட கேள்விக்கு மைக்கில்தான் பதில், பதில் சொன்னபின் அதே கேள்வியை மறுபடி கேட்கக்கூடாது. போன வருடம் அறிவிப்பாளர் ரவிச்சந்திரன் வாய் தவறி, உயிரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி அறிவித்துவிட்டார். எழுந்து நின்றார்கள். அவரும் நின்றார்.

இந்த வருடம் பூஜை முடிந்தது. அம்மனுக்குத் தீபாராதனை ஆனது. எல்லார் கண்ணும் சமையல் கொட்டகைப் பக்கம் திரும்பியது. அங்கே ராக்கம்மா, அண்டாவுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்று உருளை எடுக்கப் போன வேன் லிங்கி பக்கம் எங்கோ நெரிசலில் நிற்கிறது. சோறு பாதி வெந்து படுத்திருக்கிறது.

ரவிச்சந்திரன் நேரத்தை ஓட்டினார். வெள்ளை மைவி கார் வழியை மறைக்கிறது என்றார். அதை எடுத்தபின் சிவப்பு மைவியைக் கண்டுபிடித்தார். நன்கொடையாளர்களுக்கு நன்றி சொன்னார். மறுபடி சொன்னார். பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. எனக்கும் பசி.

திலகா அவர் பக்கத்தில் போய் ஏதோ சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

"அடுத்து, நம்ம அர்ச்சுனன் அண்ணன் மகள் திலகா, சோறு வேகற வரைக்கும் இசை வாசிப்பாங்க."

மைக்கில் சொல்லிவிட்டார்.

அர்ச்சுனன் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். நான் அவருக்குப் பின்னால், நிழல் இருந்த ஒரே இடத்தில். மகள் பழைய மிக்ஸரைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து எழுந்தார்.

"என்னா பண்ணப் போற?"

"வாசிக்கப் போறேன்ப்பா."

"கோயில்மா. கூவ மட்டும் விட்றாத."

"எனக்கு அது மட்டுந்தான்ப்பா தெரியும்."

அவர் ரவிச்சந்திரனைப் பார்த்தார். ரவிச்சந்திரன் கையை விரித்துக் காட்டினார். அறிவித்தாயிற்று.

5

(இந்தப் பகுதியை நான் பல தடவை எழுதிவிட்டேன். சத்தத்தை எழுதுவது கஷ்டம். ஒரு பிரதியில் "நாதப் பிரவாகம்" என்று வந்துவிட்டது. அந்தத் தாளில் மீ கோரெங் வைத்துச் சாப்பிட்டேன்.)

திலகா செய்தது ஒன்றுதான். மைக்கை எடுத்து, கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கருக்கு நேராகத் திருப்பி வைத்தாள். செட்டுப் போடுகிற எவரும் செய்யாத காரியம். பிறகு குமிழ்களுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

முதலில் எதுவுமில்லை. பிறகு, பசித்த வயிறு போல் ஓர் உறுமல். அது மெல்லப் பருத்துக் கொட்டகைத் தகரத்தைத் தொட்டது. தகரம் அதிர்ந்தது. பிறகு மேலே ஏற ஆரம்பித்தது.

ரவிச்சந்திரனால் தாங்க முடியவில்லை. கூவுகிற மைக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவர் தொழிலுக்கு அழகல்ல. ஓடிவந்து மைக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினார். சத்தம் விசிலாகித் துள்ளியது. பயந்து வலப்பக்கம் திருப்பினார். ஆந்தையானது.

"கீழ எறக்கு லா," என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார்.

"எறக்காதய்யா, தள்ளி வை. நான் பொருளாளரா இருந்தப்ப தள்ளித்தான் வெப்போம்."

"கையால மூடுங்க."

"மூடாதீங்க, மூடினா இன்னும் கத்தும்."

ஒருவர் மூடினார். இன்னும் கத்தியது.

அதாவது, எல்லாரும் ஒருகாலத்தில் நிர்வாகத்தில் இருந்தவர்கள். மைக் கூவினால் எழுந்துபோய்ச் சரி செய்வது தங்கள் கடமை என்று பந்தலில் ஒவ்வொருவரும் நினைத்தார்கள். பத்துப் பேர் மைக்கைச் சுற்றி நின்று நகர்த்தினார்கள், சாய்த்தார்கள், துண்டைப் போட்டார்கள், எடுத்தார்கள். ஒவ்வொரு கைக்கும் சத்தம் ஒவ்வொரு மாதிரி திரும்பியது. ஆள் கிட்டே போனால் தாழ்ந்தது, விலகினால் எழுந்தது. திலகா அதை விடாமல் பிடித்துக் குமிழில் சுழற்றிக்கொண்டிருந்தாள். வாசிப்பதை நிறுத்த வந்தவர்கள் எல்லாரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

[வழக்கமாகச் சாமி வரும் ஒருவர் எழுந்து நின்று காதைக் கொடுத்தார். தாளம் பிடிபடவில்லை. உட்கார்ந்துவிட்டார்.]

ராக்கம்மா அண்டா மூடியோடு வந்தார்.

"தள்ளுங்கய்யா. நீங்கள்லாம் ஆம்பளைங்களா? சத்தத்த மூடணும்னா மூடி வேணும்." மூடியை மைக்குக்கு முன்னால் கேடயம்போல் பிடித்தார். கூவல் மூடியில் மோதி, கீச்சென்று மேலே பறந்தது. அவர் ஓர் அடி பின்வாங்கினார். அது இறங்கி வந்து மெதுவாக முனகியது. மறுபடி முன்னால் போனார். ஏறியது. பின்னால் வந்தார். இறங்கியது.

"அட," என்றார் ராக்கம்மா. "இது என்னைய பாத்துல்ல பாடுது."

மூடியை மெல்ல ஆட்டிப் பார்த்தார். சத்தம் அலை அலையாக வந்தது. பந்தலில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். "எனக்குக் குடு," என்று மூடிக்கு வரிசை பிடித்துவிட்டார்கள். சோற்று வரிசையைவிட ஒழுங்காக இருந்தது.

நான் திலகாவைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அர்ச்சுனனின் வலது ஆட்காட்டி விரல், மொத்தச் சத்தத்தையும் அடைக்கும் குமிழின்மேல் இருந்தது. முதல் உறுமலிலிருந்தே அங்கேதான் இருந்தது. அழுத்தவில்லை, எடுக்கவும் இல்லை.

அப்போது இராஜமாணிக்கம் எழுந்தார். அறிவிப்புக்கு வைத்திருந்த இரண்டாவது மைக்கைக் கையில் எடுத்தார். பந்தல் அடங்கியது. கூவல் மட்டும் அடங்கவில்லை.

"அர்ச்சுனா," என்றார். "செட்டு ரோசாக்கா?"

6

இங்கே நிறுத்தி, அவர் நிலையை விளக்க வேண்டியது என் கடமை. (கண்ணியம்.)

ஆமாம், ரோசாக், அதாவது செட்டு கெட்டுப்போய்விட்டது என்றால், மகள் வாசித்தது ஒரு கோளாறு. அவர் செட்டுக்கும் கெட்ட பெயர். அடுத்த வருடம் புகை வரும். இல்லை, செட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றால், கோயிலில் தெரிந்தே மைக்கைக் கூவ விட்டவர் அவர். பதில் சொல்லாமல் விரலை அழுத்தினால் எல்லாம் ஒரே நொடியில் முடியும். பெயர் தப்பிக்கும். மகள் பாதியில் நிற்பாள். கேள்வி மைக்கில் வந்துவிட்டது. பதிலும் மைக்கில் போக வேண்டும்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அர்ச்சுனன் விரலை அழுத்தினார். அமைதி. செம்பனையில் ஒரு காகம்

திலகாவின் குரல்பதிவு வந்தது. "அப்பிடி எழுதினா நீ இனிமே எங்க வீட்டுக்கு வராத. சும்மா சொல்றேன். ஆனா வராத."

முடிவு ஆ: அர்ச்சுனன் கண்கள் கலங்க மகளைக் கட்டி அணைத்து

"எங்கப்பா அழுது நான் பாத்தது ஒரே தடவதான் லா. புது ஒயர எலி கடிச்சப்போ."

முடிவு இ: கழக ஆலோசகரான எங்கள் விரிவுரையாளர் சொன்னது. அர்ச்சுனன் மைக்கைப் பிடித்து, தமிழர் வாழ்வில் ஒலியின் இடம் குறித்து ஒரு சிற்றுரை ஆற்றலாம்.

எழுதிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே என் பாத்திரங்கள் எல்லாரும் எழுந்து சோற்றுப் பக்கம் போய்விட்டார்கள்.

7

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அர்ச்சுனன் குமிழிலிருந்து விரலை எடுத்தார். இராஜமாணிக்கம் நீட்டிய மைக்கை வாங்கவில்லை. நேராக நடந்து, மகள் திருப்பி வைத்திருந்த மைக்குக்குப் போனார். ராக்கம்மா மூடியோடு விலகி வழிவிட்டார். அவர் குனிந்து, அந்த மைக்கில், ஒரு வாக்கியம் பேசினார். கொஞ்சம் நீளமான வாக்கியம். உதடுகள் அசைந்ததை எல்லாரும் பார்த்தோம்.

ஆனால் அந்த மைக்தான் சுற்றுக்குள் இருந்தது. அவர் குரல் உள்ளே போய், ஸ்பீக்கரில் வந்து, மறுபடி உள்ளே போய், சொற்கள் எல்லாம் கரைந்து, குரலின் அடிப்பகுதி மட்டும் உருண்டு உருண்டு பெரிதாகிச் செம்பனை வரிசைக்குள் போனது. திலகா நினைத்திருந்தால் குமிழைக் குறைத்துச் சொற்களைக் காப்பாற்றியிருக்கலாம். அவள் கூட்டினாள். அர்ச்சுனன் நிமிர்ந்து, தன் குரல் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்துக்கொண்டு என்பது தவறில்லை. அவர் தலை அது போன பக்கமெல்லாம் திரும்பியது.

அது தானாகத் தேய்ந்து தேய்ந்து, தானாக நின்றது. யாரும் அடைக்கவில்லை.

"நடுவுல ரெண்டா பிரிஞ்சிச்சே," என்று மகளிடம் கேட்டார். "அது எப்படி பண்ண?"

"கெய்ன கொறச்சேன்ப்பா."

அவர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார், ஆனால் சுருட்டியதையே மறுபடி அவிழ்த்துச் சுருட்டினார்.

"என்னா சொன்னான்?" என்றார் இராஜமாணிக்கம், பொதுவாக.

யாருக்கும் கேட்கவில்லை.

"அர்ச்சுனா, என்னா சொன்ன?"

"மைக்ல சொல்லிட்டேண்ணே."

அவ்வளவுதான். சட்டம். கேள்வி மைக்கில் கேட்கப்பட்டது, பதில் மைக்கில் சொல்லப்பட்டது, மறுபடி கேட்கக்கூடாது. இராஜமாணிக்கம் கையிலிருந்த மைக்கைக் கீழே வைத்தார். கேஸ் வேன் வந்துவிட்டது. சோறு வெந்தது. சாம்பார் நன்றாக இருந்தது.

8

பிரச்சினை சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தது. அடுத்த வருடத்துக்கு யார் செட்டு என்று நிர்வாகம் முடிவு செய்ய வேண்டும். அதற்கு அர்ச்சுனனின் அதிகாரபூர்வ பதில் வேண்டும். பதில் இருக்கிறது, என்னவென்றுதான் தெரியவில்லை. போன வாரம் இராஜமாணிக்கம் எனக்குப் போன் பண்ணினார்.

"தம்பி, நீ கத எழுதறியாம்ல?"

"ஆமா அங்கிள்."

"அன்னிக்கு நீ பின்னாடி நின்ன. அவன் என்னா சொன்னான்னு உன் கதையில எழுது. புக்குல வந்துட்டா அது மைக்ல வந்த மாதிரிதான். நாங்க அதையே வெச்சி முடிவு பண்ணிக்கறோம்."

"எனக்கும் கேக்கல அங்கிள்."

"கேட்டாத்தான் எழுதுவியா? அப்பறம் என்னா எழுத்தாளன் நீ?"

இதுவரை நான் எழுதியதை யாரும் எதற்கும் பயன்படுத்தியதில்லை. முட்டைக்கு விருது கொடுத்தேன், முட்டை மாறவில்லை. இப்போது நான் போடும் ஒரு வரியில் ஒரு மனிதரின் பெயர் நிற்கும் அல்லது விழும். நான்கு இரவு அல்ல, ஒரு பிற்பகல் முழுக்கத் தூக்கம் வரவில்லை. வகுப்பில்.

திலகாவிடம் கேட்டேன். அவள் அன்று பக்கத்தில்தான் இருந்தாள், ஸ்பீக்கரில் வருவதற்கு முன்பே அவர் வாயிலிருந்து கேட்டிருப்பாள்.

"கேட்டேன்," என்றாள்.

"சொல்லுக்கா."

"என்கிட்ட சொன்னத ஏன் லா ஒன்கிட்ட சொல்லணும்?"

"நான் தப்பா எழுதிட்டா ஒங்கப்பாவுக்கு இந்தக் கோயில் போயிரும்."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"நல்லது. நான் குமிழ்கிட்ட உக்காந்தப்ப எனக்கும் அப்பிடித்தான் இருந்திச்சி," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அர்ச்சுனனிடமே போனேன். ஊகித்து ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். படித்தார். "இல்ல," என்றார். மறுநாள் இன்னொன்று. "இதும் இல்ல. நல்லா இருக்கு, ஆனா இல்ல." மூன்றாவதைக் காட்டியபோது நீண்ட நேரம் தாளைப் பார்த்தார். சாமான் அறையிலிருந்து முனகலும் விசிலும் வந்துகொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் ஒன்றும் கத்தவில்லை. தாளை மடித்து என்னிடம் கொடுத்து, "தே ஓ குடிக்கிறியா தம்பி?" என்றார்.

மூன்றாவதை இங்கே எழுதப்போவதில்லை. அது சரியாக இருந்தால், அவர் மகளிடம் சொன்னதை நான் மலரில் போட்டவன் ஆவேன். தவறாக இருந்தால், சிரம்பானிலிருந்து புகை வரும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்க என் கல்லூரிப் படிப்பு என்னைத் தயார்படுத்தவில்லை.

ஆனால் இந்த மலரின் ஒரு பிரதி நிர்வாகக் கூட்ட மேசைக்குப் போகப்போகிறது. அது உங்கள் கையிலிருக்கும் பிரதியாகவே இருக்கலாம். இராஜமாணிக்கம் வீடு வீடாக இரவல் வாங்கிப் படிக்கிற ஆள். அன்று நடந்த எல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். நான் நின்ற இடத்தில்தான் நீங்களும் நிற்கிறீர்கள். தலைவர் மைக்கில் கேட்கிறார், செட்டு ரோசாக்கா என்று. அர்ச்சுனன் குனிகிறார்.

அர்ச்சுனன்: "................................................................"

பேனாவில் எழுதுங்கள். பென்சிலை நிர்வாகம் ஏற்றுக்கொள்வதில்லை.